மூவகை அளவுகள்

மனிதன் நாகரிக வாழ்வில் அடியெடுத்து வைத்த நாள்தொட்டு அளந்துகொண்டே வருகின்றான். உழுத நிலத்தை அளந்தான். விளைந்த நெல்லை அளந்தான். எழுப்பிய மனையை அளந்தான். தேக்கிய நீரை அளந்தான். அளவு பிழைபடாத ஊரில் வழக்குக் குறையும். அளவு பிழைபட்ட ஊரில் உடன்பிறந்தாரும் பகைவராவர். ஆதலின் அளத்தல் என்பது கணக்கன் ஒருவனுக்கே உரிய தொழில் அன்று. அஃது அறத்தோடு பிணைந்த கலை.

அக்கலையின் முதற்படியில் நிற்பன மூன்று. ஒன்று சுற்றளவு, மற்றொன்று பரப்பளவு, பிறிதொன்று கனஅளவு. பள்ளியிற் பயிலும் மாணவர் அனைவரும் இம்மூன்றின் பெயர்களையும் அறிவர். இவற்றைக் காணும் வாய்பாடுகளையும் தடையின்றி ஒப்பிப்பர். ஆயினும், சுற்றளவில் மிக்கது பரப்பளவிலும் மிக்கதாகுமோ என்று வினவினால், ‘ஆகும்’ என விரைந்து விடையிறுப்போர் பலர். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் பாதியாகக் குறைந்த பெட்டி, கொள்ளளவிலும் பாதியாகவே குறையும் எனக் கருதுவோரும் உளர். வாய்பாட்டை அறிந்தும் அதன் பொருளை அறியாமையின் விளைவு இது. இவ்வறியாமை தேர்வில் இரண்டொரு மதிப்பெண்ணைப் போக்குவதோடு அமையுமாயின், அதற்காகப் பெரிதும் வருந்த வேண்டுவதில்லை. அது நிலத்தையும் நெல்லையும் நீரையும் போக்கவல்லது. ஆதலின், வாய்பாட்டை உரைக்கும் முன்னர், அளக்கப்படுவது யாது என்பதை உணர்த்துவதே கணிதக் கல்வியின் தலையாய கடமையாகும்.

ஓர் உழவனுடைய நிலத்தைக் கருதுக. அந்நிலத்தைச் சுற்றி முள்வேலி அமைக்க அவன் விரும்பினால், அறியவேண்டுவது சுற்றளவு. எல்லையின் வழியே நடந்து, புறப்பட்ட இடத்தை மீண்டும் அடையும் வரையுள்ள நீளமே அது. அந்நிலத்தில் விதை தெளிக்க விரும்பினால், அறியவேண்டுவது பரப்பளவு. எல்லைக்குள் அடங்கிய நிலமுகம் எவ்வளவு என்பதே அங்கு வினா. அந்நிலத்தின் ஒரு மூலையில் கிணறு தோண்ட விரும்பினால், அறியவேண்டுவது கனஅளவு. எவ்வளவு மண் வெளிப்படும், தோண்டுவோர்க்குக் கூலி எவ்வளவு என்பனவற்றை அதுவே காட்டும். வேலி எல்லைக்கோட்டைப் பற்றியது. விதை நிலமுகத்தைப் பற்றியது. கிணற்றுமண் நீள அகல ஆழம் மூன்றையும் பற்றியது. நிலம் ஒன்றே, அளவுகள் மூன்று. ஒன்றற்கு உரிய அளவை மற்றொன்றற்குக் கொண்டால், வேலிக்கு முள் மிஞ்சும்; வயலுக்கு விதை போதாது; கிணறு வெட்டியவனுக்குக் கூலி குறையும்.

அளக்கும் அலகுகளும் இம்மூன்றற்கும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும். நீளத்தை நீளத்தால் அளக்கலாம். ஒரு முழக் கோலை மீண்டும் மீண்டும் வைத்து எண்ணினால் போதும். பரப்பை அவ்வாறு அளத்தல் இயலாது. கோட்டிற்கு நீளம் உண்டு, அகலம் இல்லை. அகலமில்லாத கோடுகள் எத்தனையை அடுக்கினும் ஒரு முற்றம் நிரம்பாது. ஆதலின் ஒரு முழ நீளமும் ஒரு முழ அகலமும் உடைய சதுரத்தையே பரப்பிற்கு அலகாகக் கொண்டனர். 5 முழ நீளமும் 4 முழ அகலமும் உள்ள திண்ணையில், வரிசைக்கு 5 சதுரங்களாக 4 வரிசைகள் அமையும். ஆகவே 20 சதுரங்கள். நீளத்தை அகலத்தால் பெருக்குவதன் காரணம் இதுவே. அத்திண்ணையின் உயரம் 3 முழமாயின், 20 கனச்சதுரங்கள் கொண்ட அடுக்குகள் 3 அமையும். ஆகவே 60 கன முழம். இதனை உணர்ந்தவன் வாய்பாட்டை மறந்துபோயினும் தானே அதனை மீண்டும் ஆக்கிக்கொள்வான். உணராதவனோ, வாய்பாட்டை மறந்த பொழுதே கணக்கையும் இழந்தவனாவான்.

தமிழர் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு அவர்தம் அளவுப் பெயர்களே சான்று. நீளத்திற்குச் சாண், முழம், கோல் என்பன. பரப்பிற்குக் குழி, மா, வேலி என்பன. முகத்தலுக்கு உழக்கு, படி, மரக்கால், கலம் என்பன. தஞ்சைப் பகுதியில் வழங்கிய முறைப்படி, 12 அடிக் கோலைப் பக்கமாகக் கொண்ட சதுரம் ஒரு குழி. அஃதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு வேலி என்பது ஏறத்தாழ 6.6 ஏக்கர் ஆகும். முதலாம் இராசராசன் காலத்தில் சோழநாட்டு நிலங்கள் அளக்கப்பட்ட பொழுது, வேலியின் மிக நுண்ணிய கூறுகளையும் கணக்கிட்டுக் கல்லில் பொறித்தனர். ‘வேலி’ என்னும் சொல் நிலத்தைச் சுற்றியமைக்கும் அரணையும் குறிக்கும். நிலப்பரப்பின் அளவொன்றையும் குறிக்கும். சொல் ஒன்றாயினும், அரணின் நீளத்தைப் பரப்பின் அளவாக அந்நாளைய நிலமளப்போர் மயங்கிக் கொள்ளவில்லை. இந்நாளைய மாணவர் மயங்கலாமா?

மயங்கினால் விளைவது யாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். தந்தையின் நிலத்தை உடன்பிறந்தார் இருவர் பங்கிட்டுக் கொள்கின்றனர் என்று வைத்துக்கொள்க. மூத்தவன் 25 கோல் நீளமும் 25 கோல் அகலமும் உள்ள மனையைப் பெறுகின்றான். இளையவன் 40 கோல் நீளமும் 10 கோல் அகலமும் உள்ள மனையைப் பெறுகின்றான். இருவரும் தத்தம் எல்லையைச் சுற்றி நடந்து அளக்கின்றனர். இருவருக்கும் 100 கோலே வருகின்றது. ‘பங்கு சமமாயிற்று’ என்று ஊரார் மகிழ்கின்றனர். ஆனால் மூத்தவனுக்குக் கிடைத்த பரப்பு 625 குழி; இளையவனுக்குக் கிடைத்தது 400 குழியே. மூத்தவனினும் இளையவன் குறைவாகப் பெற்றது 225 குழி. இங்குப் பொய் கூறியவர் எவரும் இலர், கோலும் குறையவில்லை, ஆயினும் பங்கு பிழைபட்டது. நீளத்தை அளந்துவிட்டுப் பரப்பை அளந்ததாக எண்ணியதே அப்பிழைக்குக் காரணம்.

ஒரே நீளமுள்ள கயிறு எத்துணை வேறுபட்ட பரப்புகளை வளைக்கும் என்பதை மாணவர் தம் முற்றத்திலேயே கண்டறியலாம். 40 அடிக் கயிற்றால் 19 அடி நீளமும் 1 அடி அகலமும் உள்ள செவ்வகம் அமைத்தால், உள்ளடங்குவது 19 சதுர அடி. 15 அடிக்கு 5 அடியாக அமைத்தால் 75. 12 அடிக்கு 8 அடியாக அமைத்தால் 96. பக்கம் 10 அடியுள்ள சதுரமாக அமைத்தால் 100. அக்கயிற்றையே வட்டமாக வளைத்தால் ஏறத்தாழ 127 சதுர அடி அடங்கும். ஒரே கயிறு, எல்லாவற்றினும் மிக்க பரப்பை வட்டமாக நிற்கும் பொழுதே வளைக்கின்றது.

இம்மயக்கம் ஒரு நாட்டார்க்கோ ஒரு காலத்தார்க்கோ உரியதன்று. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியசு என்பார், தம் காலத்து மக்கள் நகரின் பெருமையை மதிற்சுற்றைக் கொண்டே மதிப்பிட்டதைக் குறித்துள்ளார். மெகலோபொலிசு என்னும் நகரின் சுற்று 50 தாதியம். சுபார்த்தாவின் சுற்று 48 தாதியம். தாதியம் என்பது கிரேக்கரின் தூர அளவு. சுற்றிற் சிறிய சுபார்த்தாவே பரப்பில் இரு மடங்கு பெரியது என்று கூறினால் மக்கள் நம்ப மறுத்தனர் என்று அவர் எழுதியுள்ளார். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த புரோக்கிளசு என்னும் அறிஞர் கூறுவது இன்னும் சிந்திக்கத்தக்கது. பொதுநிலத்தைப் பங்கிட்ட பொழுது, சிலர் சுற்றளவு மிக்க துண்டைப் பிறர்க்குக் கொடுத்துச் சுற்றளவு குறைந்ததும் பரப்பளவு மிக்கதுமான துண்டைத் தாம் கொண்டனராம். அதனால் நிலமும் மிகுதியாகப் பெற்றனர். பெருந்தன்மையுடையோர் என்னும் புகழும் பெற்றனர்! அறிந்தவன் ஒருவன் அறியாதவர் பலரிடையே வாழும் பொழுது, அறிவே வஞ்சனைக்குக் கருவியாகிவிடுகின்றது. ஆதலின் இவ்வறிவு ஒருசிலர்க்கு மட்டும் உரியதாக நிற்றல் தீது. ஊரார் அனைவர்க்கும் உரியதாதல் வேண்டும்.

சுற்றளவு மட்டுமன்றி, நான்கு பக்கங்களின் அளவுகள் தனித்தனியே தெரிந்திருந்தாலும் பரப்பு தெரிந்துவிடாது. 10 அங்குல நீளமுள்ள குச்சிகள் நான்கை முனைகளில் கட்டிச் சதுரமாக நிறுத்தினால், பரப்பு 100 சதுர அங்குலம். அச்சட்டத்தை ஒருபுறம் மெல்லச் சாய்த்தால், பக்கங்கள் மாறா. ஆனால் பரப்பு சுருங்கும். அதன் குத்துயரம் 5 அங்குலமாகும் பொழுது பரப்பு 50. முற்றும் சாய்ந்துவிட்டால் பரப்பே இல்லை. எகிப்து நாட்டில் எட்ஃபு என்னும் இடத்துக் கோயிற் சுவரில் நிலங்களின் பரப்புகள் பொறிக்கப்பட்டுள்ளன. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அவ்விரு பாதிகளையும் பெருக்கியே அவை கணக்கிடப்பட்டன. செவ்வக நிலத்திற்கு அம்முறை பொருந்தும். பிற நாற்கர நிலங்களுக்கோ உண்மையினும் மிகுந்த பரப்பையே காட்டும். சாய்ந்த குச்சிச் சட்டத்திற்கும் அது 100 என்றே விடை தரும். அத்தகைய கணக்கைக் கொண்டு வரி விதித்தால், குடியானவன் தன்னிடம் இல்லாத நிலத்திற்கும் வரி செலுத்த நேரும். கி.பி. 1150-ஆம் ஆண்டில் ‘லீலாவதி’ இயற்றிய பாஸ்கராசாரியர், நான்கு பக்கங்களை மட்டும் கூறி நாற்கரத்தின் பரப்பைக் கேட்பது பொருந்தாது என்றும், மூலைவிட்டமோ குத்துயரமோ தெரிதல் வேண்டும் என்றும் கண்டித்துரைத்தார்.

பரப்பிலிருந்து கனஅளவிற்குச் செல்லும் பொழுது மயக்கம் இன்னும் மிகும். 6 முழ நீளமும் 3 முழ அகலமும் உள்ள பாய் ஒன்றைக் கொள்க. அதனை 6 முழப் பக்கம் சுற்றாக வளையுமாறு நிறுத்தினால், 3 முழ உயரமுள்ள குதிர் போல் அமையும். 3 முழப் பக்கம் சுற்றாக வளையுமாறு நிறுத்தினால், 6 முழ உயரமுள்ள ஒடுங்கிய குழாய் போல் அமையும். பாய் ஒன்றே, ஆதலின் இரண்டிலும் நெல் சமமாகவே கொள்ளும் என்று தோன்றும். உயர்ந்து நிற்பதே மிகுதியாகக் கொள்ளும் என்று கருதுவாரும் உளர். உண்மை வேறு. தாழ்ந்து அகன்ற குதிர், உயர்ந்து ஒடுங்கிய குழாயைப் போல் இரு மடங்கு நெல் கொள்ளும். சுற்று இரு மடங்கானால் அடிப்பரப்பு நான்கு மடங்காகும். உயரம் பாதியாயினும் கொள்ளளவு இரு மடங்காகவே நிற்கும். இத்தாலி நாட்டுப் பேரறிஞர் கலிலியோ, கி.பி. 1638-இல் வெளிவந்த தம் நூலில், ஒரே துணியால் தைத்த இரு பைகளைக் கொண்டு இவ்வுண்மையை விளக்கினார்.

வாங்குவோரும் விற்போரும் அறியவேண்டிய மற்றோர் உண்மை உண்டு. ஓர் அளவுப் பாத்திரத்தின் குறுக்கையும் உயரத்தையும் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், அதன் கொள்ளளவும் பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்று கண் நம்பும். ஆனால் நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று திசைகளிலும் அக்குறை புகுகின்றது. 10-க்கு 9 ஆகவும், 100-க்கு 81 ஆகவும், 1000-க்கு 729 ஆகவும் அது வளர்கின்றது. ஆகவே 100 படி நெல் பெறவேண்டியவன் 73 படிக்கும் குறைவாகவே பெறுவான். நான்கில் ஒரு பங்கிற்கு மேல் போய்விட்டதைக் கண் காட்டாது, கணக்கே காட்டும். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் நாட்டில் பத்தடுக்கு அளவைகள் வந்தன. படியும் மரக்காலும் சட்டத்தினின்று நீங்கின. ஆயினும் குடமும் தொட்டியும் நீங்கவில்லை. அவற்றில் புகும் மயக்கமும் நீங்கவில்லை.

அணையின் நீரிலும் இம்மயக்கம் உண்டு. 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி என்றும், கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்றும் கூறுவர். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. நீர்மட்டம் 100 அடியாக இறங்கினால், உயரத்தில் குறைந்தது ஆறில் ஒரு பங்கே. ஆனால் அப்பொழுது அணையில் இருக்கும் நீர் ஏறத்தாழ 65 டி.எம்.சி.; அஃதாவது குறைந்தது பத்தில் மூன்று பங்கு. நீர்த்தேக்கம் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருத்தலே இதற்குக் காரணம். மேலே இறங்கும் ஓரடியில் உள்ள நீர், கீழே இறங்கும் ஓரடியில் இல்லை. 60 அடி நீர் நிற்கும் பொழுது பாதி அணை நிரம்பியுள்ளது என்று எண்ணிப் பயிரிடத் துணியும் உழவன், பாதிக்கும் மிகக் குறைந்த நீரையே நம்பித் துணிகின்றான். செய்தித்தாளில் நாள்தோறும் வெளிவரும் அடிக்கணக்கைப் படிப்போர், அது நீரின் உயரமே அன்றி நீரின் அளவன்று என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இவ்விடத்துச் சிலர் ஒரு தடை எழுப்புவர். ‘வாய்பாடுகள் நூலில் உள்ளன, பெருக்குதற்குப் பொறிகளும் உள்ளன, பொருளுணர்ச்சி எதற்கு?’ என்பது அவர் வினா. பொறி தன்னிடம் இட்ட எண்களைப் பெருக்கும். ‘பெருக்கத் தக்கனவோ இவை?’ என்று கேளாது. சாய்ந்த நிலத்தின் பக்கங்களை இட்டாலும் பெருக்கித் தரும். நேரான நிலத்தின் பக்கங்களை இட்டாலும் பெருக்கித் தரும். பிழையான வினாவிற்கு விரைவாக வரும் விடை, பிழையை விரைவாக்குமே அன்றி மெய்யாக்காது.

வேறு சிலர் இதற்கு மாறாக, மனப்பாடமே கூடாது என்பர். அதுவும் ஏற்கத்தக்கதன்று. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்னும் தமிழ் நூல், அளவு முறைகளைச் செய்யுளில் அமைத்துத் தந்துள்ளது. வட்டத்தின் பாதிச் சுற்றைப் பாதி விட்டத்தால் பெருக்கப் பரப்பு வரும் என்பது அந்நூல் கூறும் விதி. ஏட்டின்றியும் நினைவில் நிற்க அச்செய்யுள் உதவியது. ஆதலின் மனப்பாடம் இகழத்தக்கதன்று. ஆனால் விதியின் காரணத்தையும் மாணவன் காணுதல் வேண்டும். ஒரு வட்டத் தாளை நடுவினின்று பல மெல்லிய கீற்றுகளாக வெட்டி, தலைகீழாகவும் நேராகவும் மாற்றி மாற்றி அடுக்கினால், ஏறக்குறைய ஒரு செவ்வகம் தோன்றும். அதன் நீளம் பாதிச் சுற்று. அகலம் பாதி விட்டம். கீற்றுகள் மெலிய மெலியச் செவ்வகம் செம்மையுறும். இதனைக் கண்ட மாணவனுக்கு அவ்விதி வெறுஞ்சொல்லாக இராது. கண்ட காட்சியாக நிற்கும்.

பெரியோரும் இவ்வகையில் தவறியதுண்டு. கி.பி. 499-இல் நூல் இயற்றிய ஆரியபட்டர், முக்கோணத்தின் பரப்பைச் செம்மையாகக் கூறினார். ஆனால் கூம்பிய கனவுருவிற்கு, அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கிப் பாதி கொள்க என்றார். கி.பி. 628-இல் பிரமகுப்தர், பாதியன்று, மூன்றில் ஒரு பங்கே என்று உரைத்தார். பரப்பில் பாதியாவது கனத்திலும் பாதியாகும் என்று கருதத் தோன்றுவது இயல்பு. அவ்வாறு ஆகாது என்பதை மணலே மெய்ப்பிக்கும். ஒரே வாயும் ஒரே உயரமும் உடைய கூம்பையும் உருளையையும் தாளால் செய்து, கூம்பால் மணலை முகந்து உருளையில் இட்டால், மூன்றாம் முறையில்தான் உருளை நிரம்பும். முன்னோர் கூற்றை மதித்தலும், அதனை அளந்து பார்த்தலும் ஒன்றற்கொன்று பகையல்ல. மதித்தவனே அளந்து பார்ப்பான். அளந்து பார்த்தவனே திருத்துவான்.

ஆதலின் வகுப்பறையில் கரும்பலகையோடு கயிறும், குச்சியும், பாயும், மணலும் இடம்பெறுதல் வேண்டும். மாணவர் பள்ளி முற்றத்தைக் காலால் நடந்து சுற்றளவை அறியட்டும். ஓடுகளைப் பரப்பிப் பரப்பளவை அறியட்டும். மணலை முகந்து கனஅளவை அறியட்டும். அதன் பின்னர் வாய்பாட்டைக் கற்கட்டும்; மனத்திலும் இருத்தட்டும். எதனை அளக்கிறோம் என்று முதலில் கேட்பவன் பாகப்பிரிவினையில் ஏமாறான், சந்தையில் ஏமாறான், பிறனை ஏமாற்றவும் ஊரார் இடங்கொடார். கோல் சிறியது, ஆனால் அது நிலைநாட்டும் நேர்மை பெரிது. அந்நேர்மையைக் காக்கும் அறிவு இளமையிலேயே ஒவ்வொரு மாணவர்க்கும் வாய்ப்பதாக!